முதலில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வந்த மாதவிடாய்ச் சுகாதாரக் கட்டுரையை ஆறுதலாக வாசித்தேன். பழந்துணி நோயைத் தரும், நப்கின்தான் சுகாதாரம், வசதியுள்ளவர்கள் உள்ளே வைத்து இரத்தத்தை ஏந்தும் கப்புக்கு மாறலாம் என்று மூன்றையும் படிவரிசையில் ஏற்றி வைத்திருந்தார்கள். துணி கட்டுகிறவள் அடிப்படியில் நிற்கிறாள், கப் வைக்கிறவள் மேல்மாடியில் இருக்கிறாள். எனக்குச் சண்டை அந்தப் படிவரிசையோடுதான். எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

நான் வன்னியில், விசுவமடுவில் இருக்கிறேன். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போய் வருகிறவள். எங்கள் அணியில் பெண்கள்தான் கூட; அதிலும் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு ஒற்றைச் சம்பளம் கொண்டுபோகிறவர்கள். விடியப்புறம் வாகனம் சந்திக்கு வரும்போது இன்னும் இருட்டாக இருக்கும். வெயில் ஏற முன்னமே களத்தில் இறங்கிவிடுவோம். நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் பாரமான பாதுகாப்பு அங்கி, முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்பு. முழங்காலில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு முன்னுக்குப் போகவேண்டும். ஓய்வு நேரம் வந்தால்தான் எழும்பலாம். மலசலகூடம் ஓய்விடத்துப் பக்கம் இருக்கும். அதற்கும் தடி நட்டு அடையாளமிட்ட பாதையாலேயே திரும்பி நடக்கவேண்டும். அவசரத்துக்கு ஒதுங்க அது வளவு இல்லை, மிதிவெடிக் காணி.

இப்படி வேலை செய்கிறவளுக்கு எது வசதி, எது சுகம் என்ற கேள்வி மகளிர் பக்கத்து ஓரக் கட்டுரையோடு முடிகிற ஒன்றல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அங்கிக்குள் வியர்வை ஆறாக ஓடும். தொடையிடுக்கில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து ஊறும். எங்களில் பலருக்கு அந்த நாட்களில் கவட்டில் தோல் உரிந்து, சிவந்து, நடக்கவே எரியும். இதை "அலர்ஜி" என்று சொல்லிப் பவுடர் போடுவார்கள். பவுடர் வியர்வையோடு குழைந்து இன்னும் மோசமாக்கும்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒருநாள் கேட்டேன்: "மிஸ், எல்லாருக்கும் ஒரே நப்கின்தானே, எனக்கு மட்டும் ஏன் இப்பிடி எரியுது?" அவர் ஒரு நப்கினை எடுத்து என் முன்னாலேயே கத்தரியால் வெட்டிக் காட்டினார். மேலே இருப்பது இரண்டு விதமாக வரும். ஒன்று நுண்ணிய துளைகள் போட்ட பிளாஸ்ரிக் தாள். கொம்பனிக்காரர் "வலை" என்று விளம்பரம் செய்வது அதைத்தான். மற்றது பஞ்சு போல மெத்தென்று இருக்கும் துணிவகை. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், அதோடு சீனி போன்ற ஒரு துகளும். அந்தத் துகள் ஈரத்தைக் குடித்ததும் ஜெலி போல வீங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் காற்றுப் புகாத பிளாஸ்ரிக். மெல்லிய நப்கின் குறைவாக உறிஞ்சும், மொத்தமானது கூட உறிஞ்சும் என்று நாங்கள் நினைப்பது அந்தத் துகளின் வேலை தெரியாததால்தான். மெல்லியதிலும் அது இருந்தால் தாராளமாகத் தாங்கும்.

வலை மேற்பரப்பு இருந்த இடத்திலேயே இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு உலர்வாகத் தெரியும். குந்தியும் முழங்காலிலும் மணிக்கணக்காக அசைகிறவளுக்கு அந்தத் தாளின் ஓரம் தோலைத் தேய்க்கும். பஞ்சு மேற்பரப்பு கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தாலும் தேய்க்காது. வாசனை போட்டதை அடியோடு விடச் சொன்னார். மாதவிடாய் நேரத்தில் கொஞ்சம் மணம் இருப்பது இயல்பு; அதை மறைக்கப் போடும் வாசனைப் பொருள்தான் பலருக்குத் தோலை அரிக்க வைக்கிறது. உள்ளே சவர்க்காரமோ கிருமிநாசினியோ விட்டுக் கழுவுகிற பழக்கமும் வேண்டாம். உள்ளுறுப்பு தன்னைத் தானே துப்புரவாக்கும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். இத்தனையும் அவர் சொன்னது கிளினிக் முடிந்து ஆட்கள் போன பிறகு. கிளினிக் நேரத்தில் கேட்டிருந்தால் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

உங்கள் கட்டுரையில் நான் மெச்சிய ஒரு வசனம், நப்கினை நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது. அது சரி. ஆனால் பக்கற்றில் "பன்னிரண்டு மணித்தியாலப் பாதுகாப்பு" என்று போட்டிருக்கிறதே, அதையும் சேர்த்து விளக்கியிருக்கலாம். அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதையல்ல. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் போகிற இரத்தம் பெரும்பாலான பெண்களுக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர்தான். 80 வரைக்கும் இயல்பு என்கிறார்கள். நாங்கள் பயப்படுகிற அளவு அது இல்லை. நப்கின் நிரம்பவில்லை என்பதற்காக விட்டுவைத்தால் சூடும் ஈரமும் தோலோடு கிடக்கும். எங்கள் பக்கம் காலையில் வைத்ததைப் பின்னேரம் வீடு வந்துதான் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். மாற்ற இடமில்லை என்பது ஒரு காரணம். காசு மற்றது.

காசைப் பற்றிச் சொல்வதென்றால், 2018 வரைக்கும் இலங்கையில் இறக்குமதி நப்கினுக்கு எல்லா வரியும் சேர்ந்து 101.2 வீதம். சாமானின் விலையை விட வரி கூட. அந்த ஆண்டு செப்ரெம்பரில் செஸ் என்ற மேலதிக வரியை எடுத்த பிறகும் 62.6 வீதம் மிஞ்சியது. 2022 நெருக்கடியில் விலை ஏறியபோது எங்கள் ஊர்க் கடைகளில் பால்மாவும் நப்கினும் சேர்ந்தே தட்டிலிருந்து காணாமல் போயின. பால்மாவுக்காகச் சனம் வரிசையில் நின்று சத்தம் போட்டது. நப்கினுக்காக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

நான் இப்போது வேலை நாட்களில் கப் பாவிக்கிறேன். பிரான்சிலிருந்து வந்த மச்சாள் கொண்டுவந்து தந்தது. சிலிக்கோன் என்ற இறப்பர் போன்ற பொருளில் செய்த சின்னக் கிண்ணம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து நின்று இரத்தத்தை ஏந்தும். 25, 30 மில்லிலீற்றர் கொள்ளும். பொதுவாகப் பன்னிரண்டு மணித்தியாலம் வரைக்கும் வைத்திருக்கலாம் என்று அறிவுறுத்தலில் இருக்கும். நான் அவ்வளவுக்கு விடுவதில்லை. விடியப்புறம் வீட்டில் வைத்தால் வேலை முடிந்து வீடு வந்து எடுக்கலாம். களத்தில் மாற்றத் தேவையில்லை, தேய்ப்பு இல்லை, ஈரம் இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய சுகம் வேறு வந்ததில்லை என்றே சொல்லுவேன். நன்றாக வைத்துப் பாவித்தால் பத்து ஆண்டு வரை உழைக்கும் என்கிறார்கள். 2019 இல் லான்செட் பொதுச்சுகாதார இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. நப்கினையோ, உள்ளே வைக்கும் பஞ்சு உருளையான டம்பொனையோ விட இது அதிகமாக ஒழுகுவதில்லை, பழகியவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொடர்ந்து பாவிக்க விரும்பினார்கள் என்று அதில் இருக்கிறது. பழகச் சில மாதவிடாய் எடுக்கும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. முதல் மாதமே சரிவராது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்காவிட்டால் அப்படித்தான்.

ஒவ்வொரு மாதவிடாய்க்கும் முன்னும் பின்னும் கப்பைக் கொதிநீரில் ஐந்து நிமிடமாவது அவிக்கவேண்டும். முதல் தடவை அடுப்பில் தண்ணீர் வைத்தபோது அம்மா குசினி வாசலில் வந்து நின்றா.

"என்ன பிள்ளை அவியுது?"

சொன்னேன்.

"சமையல் சட்டியிலயோ?"

"இல்லையெணை, பால்மா ரின்னில."

"ரின்னெண்டாலும் அடுப்பு அடுப்புத்தானே. முத்தத்தில மூண்டு கல்லு வைச்சு அங்க அவி."

முற்றத்தில் கல் வைத்துத்தான் அவிக்கிறேன். துடக்கு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுப்பு அம்மாவுடையது. இந்த விசயத்தில் அடுப்புக்காகச் சண்டை பிடிக்கப் போனால் கப்பும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். கப் பாவிக்க நினைக்கிற தங்கச்சிமார் இந்த ஏற்பாட்டை முதலே யோசித்து வையுங்கள். ரின்னை ஒதுக்கமாக வையுங்கள், யாரும் தேயிலை போட எடுக்காத இடத்தில்.

எல்லாருக்கும் இது தோது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் உள்ளே எதுவும் வைக்கக்கூடாது. அந்த நேரத்தில் நப்கினோ சுத்தமான துணியோதான். கர்ப்பத்தடைக்குக் கருப்பையில் லூப் போட்டவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்கவேண்டும். கப்பை இழுக்கும்போது லூப்பும் சேர்ந்து வந்த சம்பவங்கள் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. அடிப்பக்கத்தை இரண்டு விரலால் நசித்துக் காற்றை விட்டபிறகுதான் யாராக இருந்தாலும் இழுக்கவேண்டும். கையில் மண்ணோடு தொடவே கூடாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வழியில்லாத இடத்தில் கப் எடுப்பதை விட நப்கின் மாற்றுவது நல்லது. கலியாணம் ஆகாத பிள்ளை வைத்தால் கன்னி கழிந்துவிடும் என்ற கதையும் இருக்கிறது. கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க மருத்துவத்தில் பரிசோதனை என்று ஒன்று இல்லை. அப்படிச் சோதிப்பதை நிறுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 இல் சொல்லிவிட்டது. அதற்காகச் சாமத்தியப்பட்ட உடனேயே பிள்ளைக்குக் கப்பைக் கொடுங்கள் என்றும் நான் சொல்லவரவில்லை. என் மகள் நப்கின்தான் பாவிக்கிறாள். கப்பைக் காட்டினேன், "இப்ப வேண்டாம்மா" என்றாள். விட்டுவிட்டேன்.

டம்பொன் எங்கள் பக்கத்துப் பாமசிகளில் நான் கண்டதில்லை, ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பினால், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். 1980 இல் அமெரிக்காவில் மிகையாக உறிஞ்சும் டம்பொன்களால் ஒரு கிருமியின் நஞ்சு உடலில் ஏறிப் பெண்கள் செத்திருக்கிறார்கள். அரிதான நோய்தான். ஆனால் திடீர்க் காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்று, உடலில் சிவப்பு வந்தால் உடனே அதை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கப்பிலும் இது மிக மிக அரிதாக நடந்திருக்கிறது.

இனித் துணிக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை அதிகம் ஏசியது துணியைத்தான். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்த சனம் நாங்கள். கிழிந்த நூல்சேலை, ஐயாவின் பழைய சாரம், இடுப்பில் ஒரு நாடா: அம்மாவின் காலம் முழுக்க அதுதான். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அந்தத் துணிமூட்டையும் போனது. அதை வெட்கக்கேடு போல எழுதினால் அவவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். "எங்களுக்கு என்ன நோய் வந்தது, கேட்டு எழுது" என்று என்னிடம் சொன்னா. அம்மாவுக்கு வரவில்லை, சரி. வந்தவர்கள் வெளியே சொல்லவில்லை என்பதும் இருக்கும்.

நல்ல நூல்துணி தோலுக்கு மிகவும் இதமானது. நப்கின் எரிகிற பலருக்குத் துணி எரிவதில்லை. கெடுதல் வருவது காயாத துணியால். முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு அலச வேண்டும், சுடுதண்ணீர் விட்டால் கறை பிடித்துவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, சவர்க்காரம் மிச்சமில்லாமல் அலச வேண்டும். மிச்சமிருந்தால் அதுவே அரிக்கும். பிறகு நேர் வெயிலில் விரித்துக் காயப்போட வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எல்லாம் பிழைக்கிறது. வெயிலில் போட்டால் ஆட்கள் காண்பார்கள் என்று கொடியில் போட்டு அதன்மேல் சேலையை விரிப்பார்கள், அல்லது மலசலகூடத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுவார்கள். துணியைப் பாம்பு தாண்டினால் பிள்ளை தங்காது என்று அம்மம்மாமார் சொன்ன பயம் வேறு. அரைகுறையாகக் காய்ந்த அந்தத் துணியை அடுத்த மாதம் எடுத்துக் கட்டினால் அரிப்பும் வெள்ளைபடுதலும் வராமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் குசினிக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருக்கிறேன். அண்ணை வந்தால் காண்பார்தான். காணட்டும், அவரும் ஒரு தாய் பெற்றவர்தானே.

இன்னொன்று. இப்போது அழகாகத் தைத்த துணி நப்கின்கள் வருகின்றன, பொத்தான் எல்லாம் வைத்து. நல்ல சாமான். ஆனால் பல அடுக்காகச் சேர்த்துத் தைத்தது மாரிகாலத்தில் வெளியே காய்ந்ததாகத் தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். தைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள், உள்துணியைத் தனியாகக் கழற்றி விரிக்கிற மாதிரித் தையுங்கள். மடித்துக் கட்டும் பழைய ஒற்றைத் துணிக்கு இருக்கும் பெரிய நன்மை, விரித்தால் சேலை போலக் காய்ந்துவிடும். கறை தெரியக்கூடாது என்று கறுப்புத் துணி எடுப்பார்கள். வெள்ளையோ வெளிர் நிறமோ என்றால்தான் துப்புரவாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பூநகரிக்கு வாருங்கள். என் இன்னொரு மச்சாள் அங்கே கலியாணம் முடித்திருக்கிறா. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தோய்த்த துணி காய்ந்தால் மொறமொறவென்று விறைத்து நிற்கும். அதைத் தொடையிடுக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோடையில் நல்ல தண்ணீர் பவுசரில் வரும். "குடிக்கிற தண்ணிக்கே பரல் வைச்சுக் காத்திருக்கிறம், அதில துணி தோய்க்கிறதோ?" என்று அவ கேட்டா. என்னிடம் பதில் இல்லை. அவவுக்கு நப்கின்தான் சரி. என் வீட்டில் கிணறு நல்ல தண்ணீர், கல் கட்டின கிணறு; ஆனால் மாரி தொடங்கினால் கிழமைக்கணக்கில் வெயில் இல்லை. ஆக வன்னியில் தண்ணீர் இருக்கும்போது வெயில் இல்லை, வெயில் இருக்கும்போது தண்ணீர் இல்லை. ஒருத்திக்கே புரட்டாதியில் ஒன்று, கார்த்திகையில் இன்னொன்று தோதாக இருக்கலாம். வேலை நாளுக்குக் கப், வீட்டில் நிற்கும் நாளுக்குத் துணி, பயணத்துக்கு நப்கின் என்று மாற்றி மாற்றிப் பாவிப்பதில் என்ன குறை? உங்கள் கட்டுரையில் அந்த யோசனையே வரவில்லை.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததே, அப்போது பாடசாலைக் கட்டடங்களில் தங்கியவர்களுக்கு நப்கினைத் தவிர வேறு எதுவும் சரிவந்திருக்காது. நிவாரணப் பொதி கட்டுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நப்கினோடு உள்ளாடையும் வையுங்கள். நப்கினை எதில் ஒட்டுவது? நாடாவில் துணி கட்டிப் பழகிய பெண்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

பாவித்ததை என்ன செய்வது என்று உங்கள் கட்டுரை "முறையாக அகற்றவும்" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிட்டது. முறை என்ன? எங்கள் பிரதேசத்தில் வீதியோர வீடுகளுக்குத்தான் குப்பை வண்டி. உள்ளுக்கு இருக்கிறவர்கள் மலசலகூடக் குழிக்குள் போடுகிறார்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய குழி அது, பெரிதல்ல. போட்டது உள்ளே போய் வீங்கிக் கிடக்கும், உக்காது. சில வருடத்தில் குழி நிரம்பி, மாரியில் தண்ணீர் மட்டம் ஏறும்போது பொங்கும். பிறகு பவுசருக்குக் காசு கட்டி எடுக்கவேண்டும். பவுசர்க்காரர் குழாய் அடைக்கிறது என்று ஏசுவார்கள். வளவில் தாட்டால் நாய் கிண்டி இழுத்து முற்றத்தில் போடும். எரித்தால் அடிப் பிளாஸ்ரிக் புகை, அதைப் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், பேப்பரில் சுற்றி மூடியுள்ள வாளியில் சேர்த்து, கிழமைக்கு ஒருமுறை பிரதேச சபை வண்டியில் போடுவதுதான் குறைந்த கேடு. அந்த வண்டி உள் ஒழுங்கைகளுக்கும் வரவேண்டும் என்று நீங்கள் ஒரு செய்தி எழுதினால், நூறு மகளிர் பக்கக் கட்டுரைக்குச் சமம்.

பேப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைகளில் நப்கினைச் சுற்றித் தருவது உங்கள் பத்திரிகையில்தான். போன கிழமை சுற்றித் தந்த தாளில் ஒரு அமைச்சர் சிரித்துக்கொண்டு இருந்தார். சுற்ற வேண்டாம் அண்ணை, அப்படியே தாங்கோ என்று நான் சொன்னால் கடைக்காரர் தான் கூச்சப்பட்டு மற்றப் பக்கம் பார்க்கிறார். அவரிடம் ஒரு வகைதான் இருக்கும், வாசனை போட்டது, மொத்தமானது. "இதுதான் எல்லாரும் வாங்கீனம்" என்பார். வேறு இருந்தால் அல்லவா வேறு வாங்க! வாசனை இல்லாத, பஞ்சு மேற்பரப்புள்ள ஒரு வகையும், எஸ்எல்எஸ் தரச்சின்னம் பார்த்து வாங்கிப் பக்கத்தில் வையுங்கள் என்று கடைக்காரரிடம் பெண்களே கேட்கவேண்டும். நான் கேட்டேன். இப்போது வைக்கிறார். மாதவிடாய்க்கென்றே உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைக்கும் உள்ளாடைகள் இலங்கைத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போகின்றனவாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை பஸ் ஏறிக் கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள். அந்த உள்ளாடை மட்டும் எங்கள் சந்தைக் கடைக்கு வந்து சேரவில்லை.

பிள்ளைகளின் பாடசாலை விசயத்துக்கு வருவோம். 2024 இல் கல்வி அமைச்சு கஷ்டப் பிரதேசப் பாடசாலை மாணவிகளுக்கு நப்கின் வாங்க 1200 ரூபா வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், வாழ்த்துகிறேன். ஆனால் வவுச்சரால் வாங்கிய நப்கினைப் பாடசாலையில் மாற்ற ஒரு மலசலகூடம் வேண்டும், அதற்கு உள்ளால் பூட்டுகிற கொளுக்கி வேண்டும், ஒரு வாளி தண்ணீர் வேண்டும், மூடி போட்ட குப்பைவாளி வேண்டும். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளை காலையில் வைத்ததோடு இரண்டு மணி வரைக்கும் இருந்துவிட்டு வருவாள், இல்லையென்றால் வீட்டிலேயே நிற்பாள். கொளுக்கி ஒன்று என்ன விலை வரும்? பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேட்டபோது தகப்பன்மார் பக்கம் ஒரு அசைவு. ஆனால் கொளுக்கி போட்டது ஒரு தகப்பன்தான், அடுத்த நாளே, தன் கருவிப் பெட்டியோடு வந்து.

வவுச்சர் கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நப்கின் மட்டும் என்று கட்டாமல், விரும்புகிறவள் அதே காசுக்குத் தைத்த துணி நப்கின் வாங்கவும், வளர்ந்த பிள்ளை கப் வாங்கச் சேர்க்கவும் இடம் விடுங்கள். எங்கள் ஊரில் தையல் மெசின் வைத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர். காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

கடைசியாக, எந்தப் பொருளாலும் தீராத ஒன்றைப் பற்றி. ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு நப்கின் நனைந்தால், பெரிய கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பெரிய நப்கின் வாங்குவது வைத்தியம் அல்ல. எங்கள் அணியில் ஒரு அக்கா இரட்டை நப்கின் வைத்துக்கொண்டு வருவா. படியேறினால் மூச்சு வாங்கும், நகமெல்லாம் வெளிறிப்போய் இருந்தது. வயது போகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தா. கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கருப்பையில் கட்டி, இரத்தம் மிகவும் குறைந்துபோய் இருந்தது. இப்போது சுகம், வேலைக்கு வருகிறா. 35 வயதானவர்களைச் சுகாதாரப் பணிமனை "வெல் வுமன் கிளினிக்" என்று கூப்பிட்டுப் பார்க்கிறதே, அதற்குப் போங்கள். அங்கே கேட்க வெட்கமான கேள்வி என்று ஒன்று இல்லை. அரிப்பு, நாற்றம், நிறம் மாறிய வெள்ளைபடுதல் இருந்தாலும் நப்கின் மாற்றிப் பார்த்துக்கொண்டு மாதத்தைக் கடத்தாதீர்கள்.

உங்கள் மகளிர் பக்கத்தில் இது பற்றித் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அடுத்ததை ஐப்பசிக்கு முன் போடுங்கள். மழை தொடங்கினால் உங்கள் பத்திரிகை எங்கள் சந்திக்கு வந்து சேருவது மத்தியானம் தாண்டித்தான். என் பெயரைப் போடவேண்டாம். எனக்கு வெட்கம் என்றல்ல. மகளின் வகுப்பில் இந்தப் பத்திரிகை எடுக்கிறார்கள், அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

இங்ஙனம்,
மிதிவெடி அகற்றும் பணியாளர் ஒருவர்,
விசுவமடு.